தோற்பதற்கு இடம் வைத்த கணக்கு

1946-இல் பிரிட்டனின் காசநோய் மருத்துவர்களுக்கு வேலை செய்யக்கூடிய ஒரு மருந்து முதன்முதலாகக் கண்ணில் பட்டது; வாங்கத்தான் பணமில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின்தான் அது. போரில் நொடிந்துபோன நாட்டிடம் டாலர் கையிருப்பு குறைவு. வாங்க முடிந்த அளவை வைத்துக்கொண்டு எல்லா நோயாளிகளுக்கும் ஊசி போட முடியாது. யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது? மருத்துவர்களிடம் விட்டால் தங்கள் கண்ணுக்குத் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். பணக்காரர்களிடம் விட்டால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வேறொரு வழியைச் சொன்னவர் மருத்துவரே அல்ல. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொதுச்சுகாதாரக் கல்லூரியில் மருத்துவப் புள்ளியியல் பேராசிரியராக இருந்த ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் அவர். முதல் உலகப் போரில் பணியாற்றப் போய்க் காசநோயோடு திரும்பியவர்; மருத்துவம் படிக்கும் ஆசையைப் படுக்கையில் கிடந்தபடியே கைவிட்டு, அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவர். மருந்து எல்லோருக்கும் போதாது என்பதால், யாருக்கு என்பதைச் சமவாய்ப்பு எண்களே தீர்மானிக்கட்டும் என்பது அவர் வழி. சுருக்கமாகச் சொன்னால் குலுக்கல்.

107 நோயாளிகள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும்; 52 பேருக்கு அந்தக் காலத்து வழக்கப்படி படுக்கை ஓய்வு மட்டும். ஒரு நோயாளி சோதனையில் சேர்க்கத் தகுந்தவர் என்று முடிவான பிறகுதான் அவருக்குரிய முத்திரையிட்ட உறை பிரிக்கப்பட்டது. அதற்கு முன் அவர் எந்தப் பக்கம் போவார் என்பது யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே படங்களைப் படித்துச் சொன்னவர்களுக்கு எந்தப் படம் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது தெரியாது. ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948 அக்டோபரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானது. அன்று முதல் மருத்துவத்தில் 'நிரூபணம்' என்ற சொல்லின் எடையே மாறிவிட்டது எனலாம். உறையும் முத்திரையும் எதற்கு, மருத்துவர்களின் நேர்மையில் நம்பிக்கையில்லையா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். இது நேர்மையைச் சந்தேகிப்பதற்கான ஏற்பாடல்ல. நல்ல மனம் படைத்த மருத்துவர்தான், தேறிவிடுவார் என்று தோன்றும் இளைஞனுக்குப் புது மருந்தைக் கொடுக்கத் துடிப்பார். அவன் தேறியும் விடுவான். தேற்றியது மருந்தா, அவனுடைய இருபது வயதா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

பல்கலைக்கழகப் புள்ளியியலாளர்கள் மருத்துவத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் மனத்தில் எழும் சித்திரம் ஒன்றே: ஆய்வு முடிந்த பிறகு வந்து, சதவீதம் கணக்கிட்டு, அட்டவணை போட்டுக் கொடுக்கிறவர். இது பாதி உண்மை. அதுவும் முக்கியமில்லாத பாதி. அவர்களுடைய உண்மையான வேலை ஆய்வு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எதை எண்ணப்போகிறோம், எப்போது எண்ணப்போகிறோம், எந்த விடை வந்தால் நாம் நம்பியது பொய் என்று ஒப்புக்கொள்வோம் என்பவற்றை முடிவு தெரிவதற்கு முன்பே எழுதி வைக்கச் செய்வதுதான் அந்த வேலை. நாம் தோற்பதற்கு ஓர் இடம் ஒதுக்கிவைப்பது என்று இதைச் சொல்லலாம். அந்த இடம் இல்லாத எந்தச் சிகிச்சையும் எப்போதும் வெற்றிதான். 1920-களில் காசநோய்க்குத் தங்க உப்பு ஊசி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாகப் போடப்பட்டது; பிழைத்தவர்கள் ஊசியால் பிழைத்தார்கள், இறந்தவர்கள் நோய் முற்றியதால் இறந்தார்கள் என்ற கணக்கில் அது நிலைத்து நின்றது. அமெரிக்க மருத்துவர்கள் மூவர் 24 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, நாணயம் சுண்டி எந்தக் குழுவுக்கு ஊசி என்று தீர்மானித்து, 1931-இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசியால் பயனில்லை, பக்க விளைவுகள்தான் மிச்சம்.

ஸ்ட்ரெப்டோமைசின் கதை ஆறாவது மாதத்தோடு முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். அதே நோயாளிகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, இரு குழுக்களுக்கும் இடையே ஆரம்பத்தில் தெரிந்த பெரிய இடைவெளி பெருமளவு சுருங்கிவிட்டிருந்தது. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகள் தலைதூக்கும் என்ற, இன்று எல்லோருக்கும் தெரிந்த பாடம் இந்த ஏமாற்றத்திலிருந்து வந்ததுதான். அடுத்த சோதனையில் ஸ்ட்ரெப்டோமைசினோடு பாஸ் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு தோன்றுவது வெகுவாகக் குறைந்தது. காசநோய்க்கு இன்று பல மாத்திரைகளைச் சேர்த்துத் தருவதன் தொடக்கம் அங்கே இருக்கிறது. மருந்து வென்றதைச் சொன்ன அதே ஏற்பாடு, அந்த வெற்றி எவ்வளவு அரைகுறையானது என்பதையும் சொன்னது. அந்த ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால், பின்னாளில் இறந்தவர்களுக்கு வேறு ஏதாவது காரணம் சொல்லப்பட்டிருக்கும்.

இந்த முறை கடல் கடந்து வந்து மிகப் பெரிய பலனைத் தந்த ஊர் சென்னை. தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் 'சானடோரியம்' என்ற சொல்தான் ஒரு காலத்தில் காசநோய்க்கான மருத்துவமாகவே இருந்தது: நல்ல காற்று, நல்ல உணவு, மாதக்கணக்கில் படுக்கை. இந்தியாவில் அன்று நோயாளிகள் பல லட்சம். காசநோய்ப் படுக்கைகளோ சில பத்தாயிரம்கூடத் தேறாது. 1956-இல் சென்னை மாநில அரசும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலகச் சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. ஹில் வகுத்த முறையில் பழகிய வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார். மையம் எடுத்துக்கொண்ட கேள்வி நேரானது: மாத்திரைகளைக் கையில் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொன்னால், சானடோரியத்தில் படுக்கவைத்த அளவுக்குக் குணமாகுமா? நகரத்தின் ஏழை நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஐசோனயசிடும் பாஸும் கொடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்பில், குறைவான சாப்பாட்டோடு, வேலைக்கும் போய்க்கொண்டு மாத்திரை விழுங்கினார்கள்.

1959-இல் வெளியான முடிவு: 193 பேரில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களில் 86 சதவீதமும் சானடோரியத்தில் பெற்றவர்களில் 92 சதவீதமும் நோய் அடங்கிய நிலையை எட்டியிருந்தார்கள். இந்த இரண்டு எண்களையும் இரண்டு விதமாகப் படிக்கலாம். சானடோரியமே வென்றது என்று சொல்லிவிட்டு மேலும் படுக்கைகள் கட்டக் கிளம்பலாம். அப்படிக் கிளம்பியிருந்தால் இன்றுவரை கட்டிக்கொண்டிருப்போம். ஒரு பக்கத்துக்கு நூறு பேர் அளவில் எடுத்துப் பார்க்கும் ஒப்பீட்டில், இரு சிகிச்சைகளும் முற்றிலும் சமமாகவே இருந்தாலும்கூட ஆறு புள்ளி வித்தியாசம் தற்செயலாகவே வந்துவிடக்கூடும் என்பதைப் புள்ளியியலாளர் அறிவார். அதோடு, ஓய்வும் காற்றும் உணவும் அடித்தளம் என்று தலைமுறைகளாகச் சொல்லப்பட்டதற்கு எதிரில், அவை எதுவும் இல்லாதவர்களில் நூற்றுக்கு எண்பத்தாறு பேர் தேறியதுதான் பெரிய செய்தி. வீட்டிலேயே வைத்திருந்தால் குடும்பத்தாருக்குத் தொற்றிவிடுமே என்ற அச்சத்தையும் மையம் சும்மா விடவில்லை. இரு தரப்புக் குடும்பங்களையும் ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார்கள். வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை. உலகம் முழுவதும் காசநோய் மருத்துவம் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து புறநோயாளிப் பிரிவுக்கு இடம்பெயர்ந்ததற்கு இந்தச் சென்னைச் சோதனை முதன்மையான காரணங்களில் ஒன்று. அந்த மையம்தான் இப்போதைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

மனித உயிரைக் குலுக்கலில் விடலாமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு இதையெல்லாம் பாராட்டிக்கொண்டிருப்பது சரியல்ல. 1947-இல் மருந்து கிடைக்காத குழுவில் இருந்தவர்களுக்குத் தாங்கள் ஒரு சோதனையில் இருக்கிறோம் என்பதே சொல்லப்படவில்லை. இன்று எந்த அறநெறிக் குழுவும் அதை ஏற்காது, ஏற்கவும் கூடாது. அதே சோதனையில் ஒப்பீட்டுக் குழுவினருக்குப் பொய் ஊசி போட வேண்டாம் என்றும் முடிவு செய்தார்கள். மாதக்கணக்கில் தினமும் பலமுறை வீணாகக் குத்துவது தேவையற்ற துன்பம் என்பது காரணம். ஆக, அறம் பற்றிய உணர்வு இருந்தது. அன்றைக்கு எட்டிய தூரம் அவ்வளவுதான். ஆனால் குலுக்கலுக்கு எதிரான வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. ஒரு சிகிச்சை நல்லது என்று உறுதியாகத் தெரிந்த பின் அதைச் சிலருக்கு மறுப்பது குற்றம்தான். உறுதியாகத் தெரியாத சிகிச்சையை எல்லோருக்கும் கொடுப்பதோ? அதுவும் சோதனையே, எழுதிவைக்காத, யாரும் எண்ணிப்பார்க்காத சோதனை. அதில் இறப்பவர்கள் கணக்கில் வராமலே போகிறார்கள்.

கொரோனாக் காலத்தில் இது நம் கண்முன்னே நடந்தது. குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த பிளாஸ்மா உயிர் காக்கும் என்ற நம்பிக்கை நாடெங்கும் பரவியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்துச் சமவாய்ப்புச் சோதனை நடத்தி 2020 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. பிளாஸ்மா பெற்றவர்களில் 19 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது அல்லது மரணம் நேர்ந்தது. பெறாதவர்களில் 18 சதவீதம். பயனில்லை. ஆனாலும் 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலையின்போது பிளாஸ்மா கேட்டுச் சமூக ஊடகங்களில் குடும்பங்கள் கெஞ்சிக்கொண்டிருந்தன. மே மாதத்தில்தான் அது நாட்டின் சிகிச்சை நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டது. சோதனையில் பயன்படுத்திய பிளாஸ்மாவில் எதிர்ப்புப் புரதம் போதிய அளவில் இருந்ததா என்று கேட்டவர்கள் இருந்தார்கள், நியாயமான கேள்விதான். பிரிட்டனில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து அதே கேள்வியைப் பெரிய அளவில் கேட்டபோதும், இரு தரப்பிலும் 24 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள்.

பிரிட்டனின் அந்தச் சோதனை ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2020 மார்ச்சில் தொடங்கிய 'ரெக்கவரி'. அதன் பலம் எளிமையில் இருந்தது. மருத்துவமனைகள் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் நீண்ட படிவங்களை யார் நிரப்புவார்கள்? இணையத்தில் சில விவரங்களைப் பதிந்தால் கணினி குழுவை ஒதுக்கிவிடும். 28 நாள் கழித்து ஒரே கேள்வி, ஆள் உயிரோடு இருக்கிறாரா? சராசரி என்பது தனி மனிதருக்குப் பொருந்துமா என்று பல மருத்துவர்களும் நோயாளிகளும் எழுப்பும் மறுப்புக்கும் இதே சோதனையில் ஒரு பதில் கிடைத்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டு மருந்து, மொத்தத்தில் இறப்பை 25.7 சதவீதத்திலிருந்து 22.9 சதவீதமாகக் குறைத்தது. இந்தச் சராசரியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று கதைகள் இருந்தன. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகச் சரிந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களுக்கு ஓரளவு பயன். ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பயனில்லை, கெடுதலாகவும் இருந்திருக்கலாம். இப்படிப் பிரித்துப் பார்ப்போம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்ததால்தான் அந்தப் பிரிவினையை நம்ப முடிகிறது. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, நமக்குச் சாதகமான மூலை கிடைக்கும்வரை நோயாளிகளை வயது, பாலினம், ரத்த வகை என்று வெட்டிக்கொண்டே போனால் ஏதாவதொரு மூலையில் எந்த மருந்தும் வேலை செய்வதுபோல் தெரியும். சராசரி போதாது என்பது சரி. ஆனால் அந்தப் போதாமையை நிரப்ப, சரியாகத் திட்டமிட்ட இன்னும் பெரிய சோதனை வேண்டும். என் நோயாளியை எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை மட்டும் அதற்கு ஈடாகாது.

சிகிச்சைச் சோதனையிலிருந்து நோயின் போக்கைக் கணிப்பது வரை வரும் பாதை பலர் நினைப்பதைவிடக் குறுகியது. நடுவில் இருப்பது காலம். புற்றுநோய்ச் சோதனையில் ஐந்தாண்டு கழித்துக் கணக்குப் பார்க்கும்போது சிலர் இறந்திருப்பார்கள். பலர் உயிரோடு இருப்பார்கள். சிலர் ஊர் மாறிப் போயிருப்பார்கள். இறந்தவர்களை மட்டும் வைத்துச் சராசரி ஆயுளைக் கணக்கிட்டால் நோய் நிஜத்தைவிடக் கொடூரமாகத் தெரியும். தொடர்பு விட்டுப்போனவர்களைத் தூக்கி எறிந்தால் கணக்கு கோணிப்போகும். 'இத்தனை நாள்வரை உயிரோடு இருந்தார், அதற்கு மேல் தெரியாது' என்ற அரைகுறைத் தகவலிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை வீணாக்காமல் பயன்படுத்தக் கற்றுத்தந்தவர்கள் புள்ளியியலாளர்கள். 1958-இல் கப்லானும் மையரும் இதற்கொரு வரைகோட்டைத் தந்தார்கள். 1972-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டேவிட் காக்ஸ், வயது, மருந்து, நோயின் நிலை ஆகியவை ஒவ்வொன்றும் ஆபத்தை எத்தனை மடங்கு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று பிரித்தெடுக்கும் சூத்திரத்தை வெளியிட்டார். அடிப்படை ஆபத்து நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்பது தெரியாமலே இதைச் செய்யலாம் என்பதுதான் அதன் அழகு. இன்று புற்றுநோய், இதயநோய் ஆய்வுக் கட்டுரைகளில் அந்தச் சூத்திரம் இல்லாததைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எய்ட்ஸ் வந்தபோது இதே சிந்தனை திசை திரும்பி எதிர்காலத்தைப் பார்த்தது. 1980-களின் நடுவில் அமெரிக்காவில் எத்தனை பேருக்கு எய்ட்ஸ் நோய் வந்திருக்கிறது என்பது தெரியும். எத்தனை பேருக்கு ஏற்கெனவே கிருமி தொற்றியிருக்கிறது என்பது தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் நோய் உறங்குகிறது. ரத்தம் ஏற்றியதால் தொற்றியவர்களுக்கு மட்டும் தொற்றிய நாள் தெரியும் என்பதால், அவர்களைக் கொண்டு அந்த உறக்கத்தின் நீளத்தை அளக்க முயன்றார்கள். அங்கேயும் அதே பொறி: இதுவரை நோய் வெளிப்பட்டவர்களை மட்டும் எண்ணினால், சீக்கிரம் வெளிப்பட்டவர்களே கணக்கில் இருப்பார்கள், உறக்கம் நிஜத்தைவிடக் குறுகியதாகத் தெரியும். அது சுமார் பத்தாண்டு என்பது பிறகுதான் தெளிவானது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரான் புரூக்மயரும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் மிட்செல் கெய்லும் 1986-இல் ஒரு பின்னோக்குக் கணக்கை வெளியிட்டார்கள். இன்று வெளிப்படும் நோயாளிகளின் எண்ணிக்கையிலிருந்து முந்தைய ஆண்டுகளின் தொற்றுகளுக்குப் பின்னோக்கிப் போய், அங்கிருந்து வரப்போகும் ஆண்டுகளின் நோயாளிகளுக்கு முன்னோக்கி வருவது அந்தக் கணக்கு. நாளையிலிருந்து ஒருவருக்குக்கூடப் புதிதாகத் தொற்றாவிட்டாலும் குறைந்தது இத்தனை பேர் நோயாளியாவார்கள் என்று அவர்கள் ஒரு கீழ் எல்லையைச் சொன்னார்கள். எத்தனை பேர் என்று ஒரே எண்ணாக அடித்துச் சொல்ல முடியாதபோது எதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும் என்று யோசித்ததுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி.

இத்தனை நுணுக்கம் எதற்கு, தரவு மலைபோல் குவிந்துவிட்டதே என்பது இந்த நூற்றாண்டின் மறுப்பு. 2008-இல் கூகுள் நிறுவனம் மக்கள் தேடும் சொற்களை வைத்தே அமெரிக்காவில் ஃப்ளூ காய்ச்சல் எங்கே எவ்வளவு பரவுகிறது என்று சொல்லத் தொடங்கியபோது இந்த வாதம் உச்சத்தில் இருந்தது. அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் மருத்துவமனைகளிலிருந்து கணக்கு வாங்கித் தொகுக்க இரண்டு வாரம் ஆகும். கூகுளுக்கு ஒரு நாள் போதும். ஆனால் 2009-இல் பன்றிக் காய்ச்சலின் முதல் அலையை அது தவறவிட்டது. 2012-13 பருவத்தில் உச்சத்தின்போது உண்மையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு சொன்னது. செய்தித்தாளில் ஃப்ளூ பற்றிப் படித்துப் பயந்தவனும் தேடுகிறான், காய்ச்சல் வந்தவனும் தேடுகிறான்; இயந்திரத்துக்கு இருவரும் ஒன்றே. 2014-இல் வெளியான ஆய்வொன்று, நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் இரண்டு வாரம் பழைய கணக்கை வைத்துச் செய்யும் எளிய கணிப்பே கூகுளை மிஞ்சியது என்று காட்டியது. 2015-இல் கூகுள் அந்தக் கணிப்பை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. தரவின் அளவு பிழையைக் குறைக்கும் என்பது ஒரு வகைப் பிழைக்கு மட்டுமே உண்மை. கோணலான தரவு பெருகினால், கோணல்தான் மேலும் உறுதியாகத் தெரியும்.

கணிப்பில் தோற்பதற்கு இடம் வைப்பது எப்படி? வானிலைக்காரர்கள் இதற்கு வழி கண்டுபிடித்து எழுபத்தைந்து ஆண்டுகளாகிவிட்டன. அமெரிக்க வானிலைத் துறையின் கிளென் பிரையர் 1950-இல் ஒரு மதிப்பெண் முறையை முன்வைத்தார். மழைக்கு 90 சதவீத வாய்ப்பு என்று சொல்லி மழை பெய்யாவிட்டால் தண்டனைப் புள்ளி 0.81, 60 சதவீதம் என்று சொல்லியிருந்தால் 0.36, எப்போதும் 50 என்று நழுவிக்கொண்டே இருந்தால் தினமும் 0.25. அடித்துப் பேசித் தவறுபவருக்குத் தண்டனை அதிகம். எதையும் சொல்லாமல் நழுவுபவருக்கும் தப்ப வழியில்லை. 70 சதவீதம் என்று சொன்ன நாட்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அவற்றில் பத்துக்கு ஏழு நாள் மழை பெய்திருக்க வேண்டும். அமெரிக்காவில் கார்னெகி மெலன், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகங்களின் குழுக்கள் இந்த மனப்பான்மையை நோய்க் கணிப்புக்குக் கொண்டுவந்தன. மாசசூசெட்ஸின் நிக்கலஸ் ரைக்கும் உடன் பணியாற்றியவர்களும் முதலில் தாய்லாந்தின் டெங்குவைக் கணிக்க முனைந்தார்கள். பெரிய தடையாக இருந்தது நோயாளிக் கணக்கு தலைநகரம் வந்துசேர ஆகும் தாமதம். இந்த வாரக் கணக்கில் குறைவாகத் தெரிவது நோய் குறைந்ததாலா, காகிதம் வந்து சேராததாலா என்று பிரிப்பதே பாதி வேலையாகிவிட்டது.

2020 ஏப்ரலில் அவர்கள் கொரோனாக் கணிப்புகளுக்கென ஒரு பொதுக் களம் தொடங்கினார்கள். பல நிறுவனங்களின் குழுக்கள் வாரந்தோறும் அடுத்த நான்கு வாரங்களின் இறப்பைக் கணித்து, ஒற்றை எண்ணாக இல்லாமல் வரம்புகளோடு, உண்மை தெரிவதற்கு முன்பே அங்கே பதிவு செய்தன. பதிவு செய்ததை மாற்ற முடியாது. 27 மாதிரிகளைப் பின்னர் மதிப்பிட்டபோது கிடைத்த பாடங்கள் யாருக்கும் பெருமை சேர்ப்பவையல்ல. 'அடுத்த வாரமும் இந்த வாரம்போலவே இருக்கும்' என்ற சோம்பேறிக் கணிப்பைக்கூடச் சில மாதிரிகள் மிஞ்சவில்லை. பலர் தங்கள் வரம்புகளைத் தேவைக்கும் குறுகலாக வைத்திருந்தார்கள். அதாவது தங்கள் அறியாமையைக் குறைத்துச் சொன்னார்கள். நான்கு வாரத்தைத் தாண்டியும் கணித்த மாதிரிகளில், இருபது வாரத் தொலைவில் பிழை, ஒரு வாரத் தொலைவில் இருந்ததைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு. எல்லாக் கணிப்புகளையும் சேர்த்து நடுமதிப்பை எடுத்த கூட்டுக் கணிப்பு மட்டும் தொடர்ந்து நம்பகமாக இருந்தது. எந்தத் தனி மேதையும் எல்லா வாரமும் சரியாகச் சொல்லவில்லை. இவ்வளவும் நமக்குத் தெரிவதற்குக் காரணம் அவர்கள் தோற்றதை அவர்களே எழுதிவைத்திருந்ததுதான்.

கொரோனாவில் கணித மாதிரிகள் மண்ணைக் கவ்வின, இனி ஏன் நம்ப வேண்டும் என்று கேட்பவர்களிடம் இந்திய உதாரணம் ஒன்று கையில் இருக்கிறது. 2020 அக்டோபரில் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த வல்லுநர் குழு, முன்னெச்சரிக்கைகள் தொடர்ந்தால் 2021 பிப்ரவரிக்குள் தொற்று மிகவும் அடங்கிவிடும் என்றது. பிப்ரவரி வரை எண்கள் அப்படியே இறங்கின. அதன் பிறகு வந்ததை நாடு மறக்காது. அந்த மாதிரி இரண்டாம் அலையைக் காணவில்லை. இதைக் காட்டிக் கணிப்பையே தூக்கி எறிவது எளிது. என் பார்வையில் குறை, குழு கணித்ததில் இல்லை. நான்கு மாதத்துக்கு அப்பால் நோய் எங்கே போகும் என்பதை எந்த மாதிரியும் உறுதியாகச் சொல்ல முடியாதபோது, மக்கள் காதில் விழுந்தது ஒற்றைக் கோடாக மட்டுமே இருந்ததில்தான் குறை. எதிரே வேறு குழுக்களின் கணிப்புகளும், வாராவாரம் வெளிப்படையாகப் போடப்படும் மதிப்பெண்ணும் இருந்திருந்தால், அந்தக் கோடு எவ்வளவு தூரத்துக்கு மட்டும் நம்பத்தக்கது என்பது மார்ச்சுக்கு முன்பே விவாதமாகியிருக்கும். கணிப்பே வேண்டாம் என்று விட்டுவிட்டாலும் யாரோ ஒருவர் கணித்துக்கொண்டுதான் இருப்பார். ஆக்சிஜன் உருளைகள் எத்தனை வாங்குவது என்று தீர்மானிக்கும் அதிகாரி மனத்துக்குள் ஓர் எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்கிறார். அதைச் சரிபார்க்க வழியில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஆனால் கணிப்புக்கு மதிப்பெண் போட வேண்டுமானால் உண்மையில் என்ன நடந்தது என்பதை யாராவது எண்ணியிருக்க வேண்டும். இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருக்கிறது. 2022 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம், கொரோனாவின் இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று மதிப்பிட்டது. அரசின் கொரோனா இறப்புக் கணக்கு 4.8 லட்சம். வாஷிங்டன் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஜான் வேக்ஃபீல்ட் முன்னின்று உருவாக்கிய அந்த மதிப்பீட்டுக்கு 33 லட்சத்திலிருந்து 65 லட்சம் வரை வரம்பு கொடுக்கப்பட்டிருந்தது. நாடு முழுமைக்குமான மாதவாரிப் பதிவுகள் கிடைக்காததால் சில மாநிலங்களின் தரவிலிருந்து நாட்டுக்கு நீட்டிக் கணக்கிட்டார்கள். அந்த முறையை மத்திய அரசு கடுமையாக மறுத்தது. மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை: மாநிலங்களுக்கிடையே பதிவுப் பழக்கம் வெகுவாக வேறுபடுகிறது, ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்வது அபாயம். ஆனால் அந்த மறுப்பைத் தீர்த்துவைக்கக்கூடிய 2021-ஆம் ஆண்டின் முழு இறப்புப் பதிவு 2025-இல்தான் வெளியானது. அதன்படி 2020-இல் 81 லட்சமாக இருந்த பதிவான இறப்புகள் 2021-இல் 1.02 கோடி. ஒரே ஆண்டில் கூடிய இந்த 21 லட்சத்தில் எவ்வளவு நோயால் வந்தது, எவ்வளவு பதிவுப் பழக்கம் மேம்பட்டதால் வந்தது என்பதைப் பிரித்துச் சொல்வது இப்போது ஒரு கணக்கு வேலை. வேக்ஃபீல்டின் வரம்பு நிற்குமா விழுமா என்பதையும் அந்தக் கணக்கைக் கொண்டு சோதிக்கலாம். அதற்குத் தேவையான மாவட்டவாரி, மாதவாரி எண்களை வெளியிடுவது பதிவாளர் அலுவலகத்தின் கையில் இருக்கிறது.